அம்மை போட்ட வீட்டு மாடியும் கடல் பறவையும்

எனக்கு அம்மை போட்டது ஒரு ஐப்பசி மழையில். அப்போது திருப்பூரில் மண்ணரைப் பக்கம் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். நான், அக்கா, அத்தான் மூவருமே தென்காசிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அக்காவுக்கு ஓவர்லாக் மிஷின், அத்தானுக்குக் கட்டிங், எனக்குச் செக்கிங். தைத்து வரும் உருப்படிகளை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். வயது இருபத்திரண்டு.

அன்று காலை சூப்பர்வைசர் என் கையிலிருந்து ஒரு பீஸை வாங்கினார். தற்செயலாக என் கழுத்தைப் பார்த்தார். வாங்கிய பீஸை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

“நீ கெளம்பு தாயி. வேன்ல ஏறாத. நடந்தே போயிரு.”

மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் நாலைந்து கொப்புளம். சாயங்காலத்துக்குள் முதுகு, கை, முகம் எல்லாம் பரவிவிட்டது.

வீட்டுக்காரம்மா கீழ் வீட்டில் இருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டு இந்த வீட்டைக் கட்டிய குடும்பம். அவர் கணவர் நூல் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மகன்கள் இருவரும் ஹாஸ்டலில். வாடகைக்கு விடும்போது “தண்ணி பாத்துச் செலவு பண்ணோணும், ஆள் வந்து தங்கக் கூடாது” என்று கறாராகச் சொன்னவர். அம்மை என்று தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று அக்கா பயந்தாள். இருக்கிற ராத்திரி பஸ்ஸில் என்னை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று அத்தானிடம் கிசுகிசுத்தாள். அது கீழே வீட்டுக்காரம்மா காதில் விழுந்துவிட்டது.

“ஏனுங்க, ஆத்தா வந்த புள்ளையப் பஸ்ஸேத்துவாங்களா? அவ பாட்டுக்கு வந்திருக்கா, இருந்துட்டுப் போவா. ஆரும் எங்கியும் போகாதீங்க.”

அவரே போய் வேப்பங்குழை ஒடித்து வந்து படிக்கட்டு நிலையில் செருகினார். அத்தானுக்கு அதுவரை அம்மை போட்டதில்லை என்பதால், அவர் ஒரு நண்பரின் அறைக்குப் போய்விட்டார். அக்கா சிறு வயதிலேயே பட்டு எழுந்தவள், அவள் இருந்தாள். ஆனால் ஆர்டர் நெருக்கடி. காலையில் போனால் நேரம் கழித்துத்தான் வருவாள். டாக்டரிடம் மாத்திரை வாங்கிவந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்காரம்மாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

பகல் முழுக்க நான் மட்டும். சுவரில் இருந்த கண்ணாடியை அக்கா திருப்பி மாட்டியிருந்தாள். மழை விட்ட நேரங்களில் மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து எதிரே இருந்த குழியைப் பார்ப்பேன். அது பழைய செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி. சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் முள்தான் தெரியும். மாடியிலிருந்து பார்த்தால் உள்ளே குளம் மாதிரித் தண்ணீர் நிற்பது தெரியும். புயல் வந்து விடாமல் பெய்ததில் அந்த வருடம் குழி நிரம்பியிருந்தது.

அந்தத் தண்ணீரின் நடுவில்தான் அதைப் பார்த்தேன். சிட்டுக்குருவியைவிடப் பெரிது, மைனாவைவிடச் சிறிது. மேலே சாம்பல், கீழே வெள்ளை. ஊசி மாதிரி மெல்லிய கருப்பு மூக்கு. காக்கையும் கொக்கும் முக்குளிப்பானும் எனக்குத் தெரியும்; இது அவற்றில் எதுவும் இல்லை. அது தண்ணீரில் மிதந்தபடியே தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று இல்லை. நிறுத்தாமல், பம்பரம் போல. நடுவில் நின்று தண்ணீரைக் கொத்தும். மறுபடி சுற்றும்.

அதற்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். விஷம் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டதோ, தலை கிறுகிறுக்கிறதோ. அக்கா வந்ததும் சொன்னேன்.

“ஏ பிள்ள, ஒனக்குத்தான் காய்ச்சல்ல கெறங்குது. போய்ப் படு” என்றாள்.

மறுநாளும் அது சுற்றியது. காக்கைகள் இரண்டு அதைக் குறிவைத்துப் பாய்ந்தன. நான் எழுந்து கையைத் தட்டி, தட்டைத் தட்டி விரட்டினேன். அன்றெல்லாம் எனக்கு அதுதான் வேலையாக இருந்தது. அரிப்புகூடக் கொஞ்சம் மறந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் பைனாகுலர் தொங்க ஒருவர் ஸ்கூட்டரில் எங்கள் தெரு வழியாக ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் பெரிய குளத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். பேங்கில் வேலை செய்கிறவர், பறவை பார்க்கப் போகிறவர் என்று சொல்வார்கள். அந்த ஞாயிறு அவர் வந்தபோது மாடியிலிருந்து கூப்பிட்டேன்.

“சார்! இந்தக் குழிக்குள்ள ஒரு பறவைக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு சார். மூணு நாளா சுத்திக்கிட்டே கெடக்கு.”

அவர் வண்டியை நிறுத்தினார். “சுத்துதுங்களா? நீந்திட்டேவா?”

“ஆமா சார்.”

வண்டிக்கு ஸ்டாண்ட் போடக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. முள்வேலிப் பக்கம் ஓடி, எம்பிப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் எங்கள் படிக்கட்டுக்கு வந்தார். வீட்டுக்காரம்மா வாசலில் மறித்தார்.

“எங்கீங்க போறீங்க? வேப்பங்கொளை சொருகியிருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“ஒரே ஒரு நிமிஷமுங்க. மேல இருந்து பாத்துட்டு வந்தர்றனுங்க.”

“அம்மை போட்ட ஊடுங்க.”

“எனக்கு அஞ்சாவது படிக்கைலயே போட்டிருச்சுங்க. இங்க பாருங்க, நெத்தியில தழும்பு.”

வீட்டுக்காரம்மா கிட்டே வந்து அந்தத் தழும்பை நன்றாகப் பார்த்தார். “செரி. செருப்பக் கழட்டுங்க. காலக் கழுவுங்க. அந்தப் புள்ள பக்கத்துல போகாதீங்க.”

அவர் மேலே வந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். வாயைத் திறந்தவர் மூடவில்லை. பிறகு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அதுக்குக் கிறுக்கெல்லாம் இல்லீங்க” என்றார். “அது சாப்பிடற விதமே அப்படித்தான். சுத்துனா கீழ இருக்கற பூச்சியெல்லாம் சுழல்ல மேல வருமுங்க. உள்ளான் சாதி. துருவத்துப் பக்கம் முட்டை வெச்சுட்டு, குளிர் காலம் பூராவும் நடுக்கடல்லயே மெதந்துட்டு இருக்கும். இது இங்க வர்ற பறவையே இல்லீங்க. புயல் காத்து தள்ளிட்டு வந்திருக்கோணும்.”

கடலே இல்லாத ஊரில், செங்கல் சூளைக் குழியில், கடல் பறவை. நான் தள்ளி நின்று கேட்டேன். “திரும்பப் போயிருமா சார்?”

“தெரியலீங்க. ஒடம்பு தேறுனா போகும்.”

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து டெலஸ்கோப்பை எடுத்துவந்து மூன்று காலில் நிறுத்தினார். தான் பார்த்துவிட்டு, விலகிப் போய் நின்றுகொண்டு, “நீங்க பாருங்க” என்றார். அம்மை போட்டதிலிருந்து என்னை யாரும் ‘வாங்க, பாருங்க’ என்று எதற்கும் கூப்பிட்டதில்லை. குனிந்து பார்த்தேன். அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல வந்து நின்றது. கண்ணிலிருந்து பின்பக்கமாக மை இழுத்துவிட்ட மாதிரி ஒரு கருப்புக் கோடு. மழைத் துளி முதுகில் விழுந்து உருண்டது. எந்தப் பயமும் இல்லாமல் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பார்த்து முடித்ததும் வீட்டுக்காரம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு டெலஸ்கோப்பை நோக்கி வந்தார். “அய்யோ, வேண்டாமுங்க, தண்ணி படக் கூடாதுங்க!” என்று அவர் பதறி மறித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் மூன்று காலுக்கு மட்டும் தெளித்துவிட்டுப் போனார்.

பேங்க்காரர் யார் யாருக்கோ போன் செய்தார். அன்று மதியத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். திருப்பூர் டவுனிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து, மறுநாள் ஈரோட்டிலிருந்து. காரில் வந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாடிதான் வழி. வீட்டுக்காரம்மா படிக்கட்டின் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்கு அம்மை போட்டுருச்சுங்களா?”

பெரிய பெரிய கேமரா வைத்திருந்தவர்கள் அந்தக் கேள்விக்குத் திணறினார்கள். பலருக்கு ஞாபகம் இல்லை. செல்போனை எடுத்து, “அம்மா, எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?” என்று கேட்டார்கள். போட்டது என்று பதில் வந்தால் போனை வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவர் பேசி உறுதி செய்துகொள்வார். “எந்தக் கோயலுக்குங்க மாவெளக்கு எடுத்தீங்க?” என்றுகூட ஒரு தாயாரிடம் கேட்டார்.

திங்கட்கிழமை மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. கோயம்புத்தூரிலிருந்து ஒரு டீச்சர் பஸ் பிடித்து வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். தனியாக வந்திருந்தார். கணக்கு டீச்சர் என்று பிறகு தெரிந்தது. அவரும் புதுக்கோட்டையில் இருந்த அம்மாவுக்குப் போன் செய்தார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார்.

“எனக்குப் போடலையாம். தம்பிக்குப் போட்டப்போ என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்.”

போட்டுவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு முன்னால் ஏறியவர்களில் எத்தனை பேர் சொன்னார்களோ.

“அப்ப விட முடியாதுங்க சாமி. கோவிச்சுக்காதீங்க.”

“இல்லைங்க. நீங்க சொல்றது சரிதான்.”

ஆனால் அவர் போகவில்லை. கீழ்ப்படியில் குடையோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, “டீச்சர், இப்ப நடுவுல இருக்கு. வலப்பக்கமா சுத்துது” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் புது ஆள். “எப்பவும் வலப்பக்கம்தானா?”

நான் பார்த்தேன். “இப்ப இடப்பக்கம். இல்ல, நின்னுட்டு. கொத்துது. கழுத்தை நீட்டி ஒரு கொசுவைப் பிடிச்சிட்டு.”

இப்படியே போயிற்று. அவர் கேட்பார், நான் பார்த்துச் சொல்வேன். செக்கிங் மேசையில் ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ தவிர வேறொன்றும் சொல்லிப் பழகாத எனக்கு, பார்த்ததை இன்னொருத்தருக்கு விளங்கும்படி சொல்வது புதிதாக இருந்தது. பதிலுக்கு அவரும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

“இந்தச் சாதியில பொம்பளை முட்டை வெச்சுட்டுப் போயிடும். ஆம்பளைதான் அடைகாக்கும். குஞ்சையும் அதுதான் வளர்க்கும்.”

“நல்ல சாதியா இருக்குதுங்களே” என்றார் நாற்காலியிலிருந்த வீட்டுக்காரம்மா. அன்று முதல் அவருக்கும் அந்தப் பறவை மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

எனக்கு இளநீர் வாங்க அவர் கடைக்குப் போன நேரத்தில் டீச்சருக்கு ஒரு யோசனை தோன்றியது. கீழ்த் தொட்டியிலிருந்து மாடிக்குத் தண்ணீர் சேந்த நாங்கள் ஒரு வாளியும் கயிறும் வைத்திருந்தோம். “அந்த வாளியை இறக்குங்க” என்றார். தன் பைனாகுலரை ஒரு துண்டில் சுற்றி வாளியில் வைத்தார். “இதுல பார்த்துச் சொல்லுங்க. இன்னும் நல்லாத் தெரியும்.”

அதில் பார்த்து ஒவ்வொரு இறகாக அவருக்குச் சொன்னேன். திருப்பி வாளியில் இறக்கினேன். அவர் எடுத்துக் கழுத்தில் மாட்டும்போது வீட்டுக்காரம்மா தெருமுனையில் வந்துவிட்டார்.

“அய்யோ சாமி! அவ கண்ணுல வெச்சதுங்களா அது?” என்று இளநீரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். டீச்சர் சிரித்தார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, விடிந்து கொஞ்ச நேரத்தில், மழை தூறிக்கொண்டிருந்தபோது ஒரு டேங்கர் லாரி வந்தது. அப்போதெல்லாம் மழை பெய்தால் போதும், சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரைக் கண்ட இடத்தில் திறந்துவிட லாரிகள் வரும். பறவை பார்க்க யாரும் வராத நேரம். லாரி பின்பக்கமாக வந்து முள்வேலியை ஒடித்துக்கொண்டு குழி விளிம்பில் நின்றது. டிரைவர் இறங்கி வால்வைத் திறந்தான். செக்கச்செவேல் என்று தண்ணீர் விழுந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து அப்படியே வெளியே வந்தார்.

“ஏப்பா, மூடு! மூடுங்கறேன்!”

“கொஞ்ச நேரந்தானுங்கக்கா. கம்பெனில சொல்லித்தான் அனுப்புனாங்க.”

“உங்க கம்பெனிக்காரன வரச் சொல்லு. ஆத்தா குடியிருக்கற ஊட்டு வாசல்ல சாயத்தண்ணி ஊத்துவியா நீ? மேல பாரு!”

அவன் மேலே பார்த்தான். நான் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, முகமெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கையில் சொறிய வைத்திருந்த வேப்பங்கொத்தோடு நின்றிருந்தேன். கொப்புளங்கள் எல்லாம் முற்றி நின்ற நாள் அது.

அவன் வால்வை மூடினான். செருப்பைக் கழற்றினான். சேற்றில் வெறுங்காலோடு நின்று என்னைப் பார்த்துக் கை கூப்பினான். “தெரியாமப் பண்ணிட்டனுங்க தாயி” என்றான்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கம்பெனியில் தள்ளி நின்றவர்கள், படிக்கட்டைத் தாண்டாத பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் ஞாபகம் வந்தார்கள். இவன் ஒருத்தன் கும்பிடுகிறான். கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ண எனக்குத் தெரியவில்லை. “போங்கண்ணே” என்றேன். லாரி போய்விட்டது. குழியின் ஒரு மூலையில் சிவப்பு பரவி, மழையில் மெல்ல வெளிறியது. பறவை எதிர்ப்பக்கத் தெளிந்த தண்ணீருக்குப் போய், அங்கே சுற்ற ஆரம்பித்தது.

சனிக்கிழமை டீச்சர் மறுபடி வந்தார். எனக்கு முதல் தண்ணி ஊற்றியாகிவிட்டது. ஆனால் மூன்றாம் தண்ணி ஊற்றும்வரை மாடிக்கு யாரையும் புதிதாக விட மாட்டேன் என்று வீட்டுக்காரம்மா பிடிவாதம். டீச்சர் மாடி ஏற அவசியமும் இருக்கவில்லை. லாரி முள்ளை ஒடித்துப் போட்ட இடத்தில் ஓர் ஆள் நுழையும் சந்து உண்டாகியிருந்தது.

“டீச்சர், அந்தப் பக்கம் போங்க. மெதுவா. குனிஞ்சு.”

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள் கீறலை எல்லாம் வாங்கி உள்ளே போனார். சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பறவை அவரிடமிருந்து விலகவில்லை. சுற்றிக்கொண்டே, பூச்சி தேடிக்கொண்டே, அவர் கால் பக்கமாக வந்தது. பைனாகுலரை அவர் எடுக்கவே இல்லை. நான் மாடியிலிருந்து இருவரையும் பார்த்தேன். வெளியே வந்தபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் நம்பரை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஓரிரு நாளில் வானம் வெளுத்தது. வெயில் வந்த முதல் காலையில் நான் எழுந்து பார்த்தபோது குழியில் பறவை இல்லை. பேங்க்காரர் சுற்றுவட்டாரக் குளமெல்லாம் தேடினார். எங்கும் இல்லை. கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியில் விழுந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மூன்றாம் தண்ணி ஊற்றி, கோயிலுக்குப் போய்வந்து, கம்பெனிக்குப் போனேன். என் மேசையில் வேறொரு பெண் நின்றிருந்தாள். வருத்தப்படவில்லை, அப்போது எல்லாக் கம்பெனி வாசலிலும் ‘ஆட்கள் தேவை’ பலகை தொங்கியது. வேறு இடம் பார்க்கலாம் என்று இருந்தபோதுதான் வீட்டுக்காரம்மா ஒரு நாள் படியேறி வந்தார். டீச்சரை நலம் விசாரிக்கலாம் என்று அந்த நம்பருக்குப் போன் செய்தாராம்.

“கண்ணு, அந்த டீச்சருக்குப் போட்டுருச்சாமா.” அவர் முகத்தில் நான்தான் சொன்னேனே என்பதும் கவலையும் சேர்ந்து இருந்தன. “தனியா கெடக்கறாங்களாமா. அவங்கம்மாவுக்கு முட்டி வலி, வர முடியாதாமா. அக்கம்பக்கத்துல ஆரும் எட்டிப் பாக்கறதில்ல போல.”

நான் என்ன நினைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. எனக்கு இனி அம்மை வராது. எனக்கு வேலையும் இல்லை. “நான் போயிட்டு வாரேன்மா” என்றேன்.

அக்கா திட்டினாள். “ஏளா, யாரு எவருன்னு தெரியாத வீட்டுல போயி எப்பிடி இருப்ப?” வீட்டுக்காரம்மாதான் பதில் சொன்னார். “தெரியாதவங்களா? ஒரு வாரம் நம்ம படியில உக்காந்திருந்தவங்க தானுங்களே.” அது ஒரு வாரம் இல்லை, இரண்டு நாள். அக்கா திருத்தவில்லை. வேப்பங்கொழுந்து, மஞ்சள், நாலு இளநீர் எல்லாம் ஒரு கட்டைப் பையில் போட்டுக் கொடுத்து வீட்டுக்காரம்மா என்னைப் பஸ் ஏற்றினார்.

கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். கதவைத் திறந்த டீச்சரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இமையில்கூடக் கொப்புளம். பெரியவர்களுக்கு வந்தால் அப்படித்தான் படுத்தும் என்பார்கள். என்னைக் கண்டதும் கதவைப் பாதி சாத்தினார்.

“பார்க்காதீங்க” என்றார்.

“நீங்க என்னையப் பாத்தீங்கல்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

காய்ச்சல் இறங்கும்வரை அங்கேயே இருந்தேன். கஞ்சி வைத்தேன், டாக்டர் சொன்ன மருந்தைப் பூசினேன், முதுகில் வேப்பங்கொத்தால் வருடிவிட்டேன். வலி குறைந்த நேரங்களில் அவர் பேசினார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்தது, அதற்காக வீட்டில் யாரும் சரியாகப் பேசாமல் போனது, ஞாயிற்றுக்கிழமை தோறும் குளம் குளமாகப் போக ஆரம்பித்தது. எனக்கும் அப்போது மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்; தழும்பு மறையட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். அதைச் சொன்னேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. “அரிக்குதா இன்னும்?” என்று மட்டும் கேட்டார்.

தலைக்குத் தண்ணி ஊற்றும் முறை அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரம்மா போனில் சொல்லச் சொல்ல நான் ஊற்றினேன். வேப்பிலை மிதந்த வெந்நீர் தலையில் விழுந்ததும் டீச்சர், “அப்பாடா” என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கிளம்பிய அன்று படிக்கட்டு வரை வந்தார். பக்கத்து ஃபிளாட் அம்மாள் அப்போதுதான் முதல்முறையாகக் கதவைத் திறந்து, தள்ளி நின்று விசாரித்தார்.

“வேலைக்கு வெச்ச பொண்ணுங்களா?”

“இல்லைங்க” என்றார் டீச்சர். “திருப்பூர்ல இருக்கற என் சிநேகிதி. என்னைப் பார்த்துக்க வந்தாங்க.”

என்னைவிட இருபது வயது மூத்தவர். அந்த வார்த்தையை என்னைப் பற்றி அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல், காலிப் பையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, “வாரேன் டீச்சர்” என்று இறங்கினேன்.